குகையும் கோட்டையும் குழந்தையின் கேள்விகளும்

கேட்பவர் சிறியவர் என்பதனால் பொய்யான விடையைச் சொல்லலாமா? இவ்வாறு நேராகக் கேட்டால், 'கூடாது' என்றே நாம் அனைவரும் சொல்வோம். ஆயினும் காலை முதல் இரவு வரை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் சொல்லும் விடைகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் எத்தனை உண்மை, எத்தனை வெறும் வாயடைப்பு என்பது விளங்கிவிடும். வணிகரிடமும் அதிகாரியிடமும் சொல்லைத் தேர்ந்து பேசுகின்ற நாம், நான்கு வயதுப் பிள்ளையிடம் பேசும்போது அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. பிள்ளை அதை எங்கே சரிபார்க்கப் போகிறது என்னும் துணிவுதான் அதற்குக் காரணம்.

வீட்டிலிருக்கும்போது, 'பிறகு சொல்கிறேன்' என்று கேள்வியைத் தள்ளிப் போடலாம். பயணத்தில் அது முடியாது. காண்பவை யாவும் புதியவை. அடிக்கொரு கேள்வி பிறக்கும். அதிலும் பூமிக்கு அடியிலுள்ள ஒரு குகையையும், வரலாறு உறைந்து கிடக்கும் ஒரு பழங்கிராமத்தையும் சிறு பிள்ளைகளுக்குக் காட்டப் புறப்பட்டால், பெற்றோரின் வாய்மைக்கு அதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை எனலாம். ஆந்திர மாநிலத்தின் பேலம் குகைகளுக்கும் கண்டிக்கோட்டைக்கும் ஏழு வயதுப் பெண்ணையும் நான்கு வயதுச் சிறுவனையும் அழைத்துச் சென்ற இரு நாட்களில் நம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களையே இங்குத் தொகுத்துத் தருகின்றோம்.

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப் பாதையில் கடப்பையைக் கடந்தால் தாடிபத்ரி வரும். அங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றால் பேலம் என்னும் சிற்றூர். குகை என்றதும் மலையும் மலைச்சரிவில் ஒரு வாயிலும் நம் கண்முன் தோன்றும். இங்கு மலை இல்லை. வறண்ட சமவெளியில் கிணறு போன்ற பெரும்பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் படிக்கட்டுகளின் வழியே இறங்கினால், ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்தில் குகை கிடையாகப் பிரிந்து செல்கிறது. அளந்தறியப்பட்ட நீளம் 3229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் மக்கள் பார்ப்பதற்கென விளக்குகள் அமைத்துத் திறந்துவிடப்பட்டுள்ளது. உள்ளே வெப்பமும் புழுக்கமும் மிகுதி. வெளிக்காற்றைக் குழாய்களின் வழியே உள்ளே செலுத்துகிறார்கள்.

"இதை யார் வாப்பா தோண்டினார்கள்?" என்பதே முதற் கேள்வி. தண்ணீர்தான் தோண்டியது என்றால் நான்கு வயதுப் பிள்ளை நம்புமா? நம் வீட்டு அடுக்களையின் அலமாரித் தட்டுகளை நினைவுபடுத்தினோம். நாம் கடப்பைக் கல் என்று சொல்லும் அந்தக் கரும்பலகை இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லே. அடுக்களைத் தட்டில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அந்த இடம் வெளுத்து மங்கிப்போவதை உம்மா சொல்லக் கேட்டிருக்கிறார்கள் அல்லவா? மழைநீர் மண்ணின் வழியே இறங்கும்போது அதிலும் மிக மெல்லிய புளிப்பு ஏறிவிடுகிறது. அது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வழியமைத்துக் கொள்கிறது. இந்தக் கல் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நீர் அதைக் கரைத்ததும் நெடுங்காலத்துச் செயலே. இவ்வளவையும் ஏழு வயதுப் பெண் முழுமையாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லமாட்டோம். ஆனால் அடுக்களைக் கல்லும் குகைக் கல்லும் ஓரினம் என்பதை அவள் மறக்கமாட்டாள். உண்மைக்குக் கைப்பிடி ஒன்று வைத்துக் கொடுத்தால், சிறு கையும் அதைத் தூக்கிச் செல்லும்.

குகைக்குள் வழிகாட்டிகள் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் சொல்கிறார்கள். வாயில் போல் வளைந்து நிற்பது சிங்க வாயில். கூரையிலிருந்து விழுது விழுதாகக் கல் இறங்குமிடம் ஆலமரம். மேற்கூரையில் படம் விரித்தாற்போல் காண்பது ஆயிரம் பாம்புப் படங்கள். தட்டினால் ஒலி எழுப்பும் கற்கள் உள்ள கூடத்திற்கு ஏழு சுரங்களின் பெயர். இவை பொய்களா? அல்ல. இவை உவமைகள். 'ஆலமரத்தைப் போல் இருக்கிறது' என்பதில் வஞ்சனை ஏதுமில்லை. பிள்ளையும் அதை அறியும். மரப்பாச்சியைக் குழந்தை என்று தாலாட்டும் சிறுமி, அது மரம் என்பதை ஒரு போதும் மறந்தவள் அல்லள். ஆகவே குழந்தையிடம் வாய்மை பேணுவது என்றால் அதன் கற்பனையைப் பறித்துவிடுவது என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

'தொடாதே' என்பதற்குக் காரணம்

உவமை எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதையும் அதே கூடத்தில் காணலாம். நான்கு வயதுச் சிறுவன் கல் விழுதைத் தொடக் கை நீட்டுகிறான். அப்போது அருகில் நிற்கும் பெரியவர் எவரேனும், "தொடாதே தம்பி, அந்தப் பாம்பு கடித்துவிடும்" என்பார். நல்லெண்ணத்தில் சொன்ன சொல்தான். கை உடனே பின்வாங்கும், கல்லும் காப்பாற்றப்படும். ஒரு சொல்லில் இவ்வளவு பயன் விளையும்போது அதில் குற்றம் காண்பது எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

பயனைக் கணக்கிடும்போது முழுக் கணக்கையும் பார்க்கவேண்டும். இன்றைக்கு அந்தக் கை பின்வாங்கியது அச்சத்தினால். கல் பாம்பு கடிக்காது என்பதைப் பிள்ளை அறியும் நாள் தொலைவில் இல்லை. அன்றைக்கு அச்சமும் போய்விடும். தொடக்கூடாது என்பதற்கு வேறு காரணமும் அதனிடம் இருக்காது. இனிப் பெரியவர்கள் எதைச் செய்யாதே என்றாலும், 'இதுவும் அந்தப் பாம்பைப் போன்றதுதான்' என்று அது எண்ணத் தொடங்கும். ஒரு கல்லைக் காக்க, நம் சொல்லின் மதிப்பையே விலையாகக் கொடுத்துவிட்டோம்.

உண்மையான காரணம் பாம்பைவிட வியப்பானது. சுண்ணாம்பைச் சுமந்து வரும் நீர் துளித் துளியாகச் சொட்டி, ஒவ்வொரு துளியும் கண்ணுக்குத் தெரியாத அளவு கல்லை விட்டுச் செல்கிறது. ஒரு விரல் நீளம் வளர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நம் கையிலுள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வையும் படிந்தால் கல் கறுக்கும்; அந்த இடத்தில் வளர்ச்சியும் தடைப்படக்கூடும். "நாம் தொட்டுவிட்டுப் போய்விடுவோம். நமக்குப் பின் வரும் பிள்ளைகள் கறையைத்தான் பார்ப்பார்கள்" என்றபோது சிறுவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். அச்சம் கையைத் தடுத்திருந்தால், யாரும் காணாத இடத்தில் அந்தக் கை மீண்டும் நீளும். பிறர் பொருள், பின்வருவோர் பொருள், நம்மிடம் அமானிதமாக இருப்பது என்னும் உணர்வு தடுத்ததென்றால், தனிமையிலும் அது தடுக்கும்.

'இன்னும் எவ்வளவு தூரம்?'

குழந்தைகளோடு நடப்பவர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. அதிகமாகச் சொல்லும் பொய்யும் இதற்கு விடையாக வருவதுதான். 'இதோ வந்துவிட்டது' என்கிறோம். வந்திருக்காது. இன்னும் சிறிது நேரம் கழித்து அதே கேள்வி, அதே விடை. இது ஒரு பொய்யா என்று நகைப்பவர்களும் உண்டு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வீட்டில் அமர்ந்திருந்தபோது, அவ்வீட்டுத் தாய் தம் சிறுவனை, 'இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்' என்று அழைத்தார்கள். என்ன கொடுக்க நினைத்தீர் என்று பெருமானார் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று தாய் விடையளிக்க, நீர் எதையும் கொடாமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். நாம் பலமுறை கேட்ட செய்திதான். எனினும் அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தத் தாய் பொய் சொல்லவில்லை; கையில் பழம் இருந்தது. உலகத்தார் கணக்கிலேயே சேர்க்காத ஒரு சிறு சொல், கேட்பவர் சிறுவர் என்பதற்காகத் தராசிலிருந்து விலக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

பேலத்தில் திறந்துவிடப்பட்ட வழியின் நீளம் நமக்குத் தெரியும். "மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர். நம் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் தூரம். இப்போது பாதிக்கும் குறைவாகவே வந்திருக்கிறோம். உனக்கு முடியவில்லை என்றால் இங்கேயே உட்காரலாம், அல்லது திரும்பலாம்" என்று சொல்வதில் சிரமம் என்ன? சிரமம் ஒன்றே. உண்மையைச் சொன்னால், பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பையும் கொடுத்தவர்கள் ஆகிறோம். நம்மில் பலர் பொய் சொல்வது பிள்ளையைத் தேற்றுவதற்கு அன்று. நம் திட்டம் கெடாமல் இருப்பதற்கே. சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று. முழுவதும் பார்த்தாக வேண்டும் என்பது நம் ஆசை. அந்த ஆசைக்குப் பிள்ளையின் கால்கள் கடன்பட்டவை அல்ல.

குகையின் மிகத் தாழ்ந்த இடத்திற்குப் பாதாள கங்கை என்று பெயர். தரை மட்டத்திலிருந்து நாற்பத்தாறு மீட்டர் ஆழம். படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. 'பயமாக இருக்கிறது' என்று பெண் சொன்னாள். 'பயப்பட என்ன இருக்கிறது?' என்பதே வழக்கமான விடை. இருட்டு இருக்கிறது, ஈரப் படி இருக்கிறது, தலைக்கு மேல் பாறை இருக்கிறது. கண்ணால் காண்பதை இல்லை என்று சொன்னால், பிள்ளை தன் கண்ணை ஐயுறும், அல்லது நம்மை ஐயுறும். 'ஆம், பயமாகத்தான் இருக்கிறது. விளக்கு இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, நம் கையும் இருக்கிறது. நீ சொல், இறங்கலாமா?' என்று கேட்டால், அச்சத்தைப் பிள்ளை தன்னந்தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அன்று அவள் பாதிப் படிவரை இறங்கி, போதும் என்றாள். நாமும் திரும்பினோம்.

மேலே வந்தபின் இன்னொரு கேள்வி: "இதை முதலில் யார் பார்த்தார்கள்?" 1884இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேய நிலவியலார் இதைப் பற்றி எழுதி வைத்தார், 1982, 1983ஆம் ஆண்டுகளில் கெபாவர் என்னும் ஜெர்மானியரின் குழு உள்ளே சென்று அளந்தது. இவை நூல்களில் உள்ளவை. ஆனால் முதலில் பார்த்தவர்கள் அவர்கள் ஆகமாட்டார்கள். இந்த மண்ணின் மக்களுக்கு அது முன்பே தெரியும். பழங்காலத் துறவியர் தங்கிய தடயங்களும் உள்ளே கிடைத்திருக்கின்றன. முதன்முதலில் இறங்கியவர் யார் என்றால், 'யாருக்கும் தெரியாது' என்பதே நேர்மையான விடை.

பெரியவர்களுக்கு மிகவும் கசப்பான சொல் 'தெரியாது' என்பது. குகையைப் பற்றிப் பேசுகையில் நம் நினைவுக்கு இயல்பாக வருவது 'கஹ்ஃபு' என்னும் திருமறை அத்தியாயம். அந்தக் குகைத் தோழர்கள் எத்தனை பேர்? மூவர் என்றும் ஐவர் என்றும் எழுவர் என்றும், நாயையும் கூட்டிக் கணக்கிட்டு மக்கள் வாதிடுவதைத் திருமறை எடுத்துரைக்கிறது. எண்ணிக்கையை இறைவனே நன்கறிவான் என்று கூறி, மறைவான ஒன்றைப் பற்றி ஊகத்தால் வாதாட வேண்டாம் என்று நெறிப்படுத்துகிறது. எண்ணிக்கை தெரியாததனால் அந்த இளைஞர்களின் வரலாறு தரும் படிப்பினையில் குறைவேதும் நேரவில்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் பிரித்துக் காட்டும் பெற்றோரின் மதிப்பும் குறையாது. அவர் 'தெரியும்' என்று சொல்லும் நாளில் அந்தச் சொல் முழு நாணயமாகச் செல்லும்.

இந்தக் குகையின் அண்மைக் கால வரலாற்றில் வெட்கத்திற்குரிய பகுதியும் உண்டு. 1988 வரை சுற்றுப்புறத்துக் குப்பையைக் கொட்டும் பள்ளமாக இது பயன்பட்டு வந்தது. பிறகு ஊர் மக்களும் ஒத்துழைத்துத் துப்புரவு செய்ய, அரசு பாதுகாப்பை ஏற்றது. 1999இல் சுற்றுலாத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, 2002இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா? பெரியவர்கள் குப்பை கொட்டினார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் மீது மதிப்புக் குறையாதா? சொன்னோம். "ஏன் கொட்டினார்கள்?" என்றாள் பெண். அதன் அருமை தெரியவில்லை. அருமை தெரிந்தபின் சுத்தம் செய்தார்கள் என்றோம். தவறு, திருத்தம் ஆகிய இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. தவற்றை மறைத்தால் திருத்தத்தையும் சேர்த்தே மறைத்தவர்கள் ஆகிறோம். மனிதர் திருந்த முடியும் என்பதைப் பிள்ளைகள் பிறகு எங்கிருந்து கற்பார்கள்?

நம்மவர் யார்?

இதுவரை சொன்னவை எளியவை. கடினமானது மறுநாள் கண்டிக்கோட்டையில் காத்திருந்தது.

கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகிலிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டரில், எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு வடபெண்ணையாறு ஓடுகிறது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலைப்பிளவு. அந்தப் பிளவின் விளிம்பில், செங்குத்தான செம்பாறைகளையே அரணாகக் கொண்டு எழுந்தது கண்டிக்கோட்டை. விசயநகரப் பேரரசின் கீழ்ப் பெம்மசானி நாயக்கர்கள் இதை நெடுங்காலம் ஆண்டார்கள். மதிலுக்குள்ளே ஊர், ஊரைத் தாண்டினால் மாதவராயர் கோயிலின் உயர்ந்த கோபுரம், அரங்கநாதர் கோயில், பெரிய தானியக் களஞ்சியம், சிறைக்கூடம், இரு மினாராக்களுடன் கூடிய ஜாமிஆ பள்ளிவாசல். பள்ளிவாசலின் முன் நின்றால் கோயிற் கோபுரம் தெரிகிறது. கோயிலிலிருந்து வந்தால் மினாராக்கள் தெரிகின்றன. இன்று இவையெல்லாம் பாதுகாக்கப்படும் நினைவுச் சின்னங்கள்.

பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு குளம் இருக்கிறது. 'கத்துல கோனேரு', அதாவது வாள்களின் குளம் என்பது அதன் பெயர். போர் முடிந்து வந்த வீரர்கள் குருதி தோய்ந்த வாள்களை அதில் கழுவியதால் நீர் சிவந்தது என்று சொல்லக் கேட்கலாம். இந்தக் கதையைக் கதை என்றே பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஆனால் பிள்ளைகளின் உள்ளம் கதையோடு நிற்பதில்லை. "யாருக்கும் யாருக்கும் சண்டை? அதில் நல்லவர் யார்?" என்று கேட்ட பெண், பள்ளிவாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நம்மவர் யார்?" என்றும் கேட்டாள்.

வரலாறு இதுதான். 1650ஆம் ஆண்டில் கோல்கொண்டாவின் அமைச்சர் மீர் ஜும்லா படையெடுத்து இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் பாரசீகத்தில் பிறந்து, வைர வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, தம் திறத்தால் அமைச்சராக உயர்ந்தவர். 1652இல் தவெர்னியே என்னும் பிரெஞ்சு நாட்டு மணி வணிகர் அவரைக் காண இங்கு வந்தார். தாம் கண்டதை அவர் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். இருபது பீரங்கிகள் வார்க்க விரும்பிய மீர் ஜும்லா, அதற்கான செம்புக்காகப் பல கோயில்களிலிருந்து சிலைகளைத் திரட்டினார். பீரங்கி வார்க்கும் பணி ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்றச் சிலைகள் உருகின. கண்டிக்கோட்டைக் கோயிலின் ஆறு செப்புச் சிலைகளை மட்டும் எவ்வளவு முயன்றும் அவரால் உருக்க முடியவில்லை. முடிவில் ஒரு பீரங்கியைக்கூட உருப்படியாக வார்க்காமலே அவர் பணியை விட்டுச் சென்றார்.

இதை முஸ்லிம் பெற்றோர் தம் ஏழு வயதுப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்பதற்குப் பல காரணங்கள் நம் முன் வந்து நிற்கும். அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சிறு பிள்ளைக்கு இது பெருஞ்சுமை என்பது முதற் காரணம். இக்காலத்தில் இத்தகைய பழைய நிகழ்ச்சிகளைத் தோண்டியெடுத்து நம் பிள்ளைகளின் முகத்தில் வீசுவோர் இருக்கிறார்கள். அந்த வேலையை நாமே ஏன் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது காரணம். அவர் செய்தது அரசியல், அதற்கும் மார்க்கத்திற்கும் தொடர்பில்லை, ஆகவே நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது மூன்றாவது.

மூன்றாவதை முதலில் பார்ப்போம். அதில் உண்மை இருக்கிறது. மீர் ஜும்லா செம்பைத் தேடினார், பீரங்கியைத் தேடினார். பின்னாளில் தம்மை உயர்த்திய கோல்கொண்டா மன்னரையே விட்டுவிட்டு மொகலாயருடன் சேர்ந்தார். அந்த மன்னரும் முஸ்லிமே. அவருடைய போர்களை மார்க்கப் போர் என்பது வரலாற்றுக்கு மாறானது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இது ஒரு விளக்கமே. தொழுத இடத்திலிருந்து தம் தெய்வத்தின் உருவம் பெயர்த்தெடுக்கப்படுவதைக் கண்டு நின்றவர்களின் துயரம் இந்த விளக்கத்தால் குறைந்துவிடாது. நம் பள்ளிவாசலுக்கு எவரேனும் அப்படிச் செய்தால், 'அது வெறும் அரசியல்' என்ற சொல் நமக்கு ஆறுதல் தருமா? நமக்கு ஆறுதல் தராத சொல்லைப் பிறருக்கு விடையாகத் தருவது நீதி ஆகாது.

இரண்டாவது காரணம் அச்சத்திலிருந்து பிறந்தது. அந்த அச்சம் வீண் அச்சம் அன்று. ஆனால் அது நம்மை எதிர்த் திசைக்கல்லவா செலுத்த வேண்டும்? இச்செய்தி பிள்ளையின் காதில் ஒரு நாள் விழத்தான் போகிறது. வகுப்பறையிலோ தெருவிலோ, வெறுப்போடும் கூட்டிக் குறைத்தும் அது முதன்முறையாக விழலாம். அன்று பிள்ளை இரண்டு அடிகளைத் தாங்க வேண்டும். பிறரின் ஏளனம் ஓர் அடி, வாப்பாவும் உம்மாவும் மறைத்தார்கள் என்பது மற்றோர் அடி. முதலடி ஆறிவிடும். இரண்டாவது ஆறுமா? அன்போடும் அளவோடும் அதைத் தாயின் வாயிலிருந்து முன்பே கேட்ட பிள்ளை, 'எனக்குத் தெரியும். முழுவதும் தெரியும்' என்று நிமிர்ந்து நிற்கும்.

உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது நமக்கு விதிக்கப்பட்ட கட்டளை. பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொல்லத் துணிய வேண்டியவர்கள், மூன்றரை நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஓர் அமைச்சருக்காக ஏன் நாக்கைக் கட்டிப் போட வேண்டும்? ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதும் அதே திருமறையின் நெறி. இந்த இரண்டையும் பிரிக்காமல் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்தால், செய்யாத குற்றத்திற்குத் தலைகுனியும் பிள்ளை உருவாகும். இரண்டாவதை மட்டும் கொடுத்தால், 'எனக்கென்ன' என்று தோள் குலுக்கும் பிள்ளை உருவாகும். இரண்டும் சேர்ந்தால், தலைகுனியாமலும் கண் மூடாமலும் உண்மையைப் பார்க்கக் கற்ற பிள்ளை உருவாகும்.

சுமை பெரிது என்னும் முதற் காரணமே நாம் நின்று எண்ண வேண்டியது. உண்மை முழுவதையும் ஒரே நாளில் தலையில் ஏற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. போர்க்களத்தின் கொடுமைகளை ஏழு வயதில் விவரிப்பது அறிவுடைமை ஆகாது. குறைத்துச் சொல்லலாம், திரித்துச் சொல்லலாகாது. இன்று சொல்வது, நாளை சொல்லப்போவதன் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். நாளைய உண்மை வந்து இன்றைய சொல்லை அழித்தெழுத வேண்டிய நிலை வரக்கூடாது. இதுவே நாம் கண்ட அளவுகோல்.

அந்த அளவுகோலைக் கையில் கொண்டு, களஞ்சியத்தின் நிழலில் அமர்ந்து நாம் சொன்னது ஏறத்தாழ இவ்வளவே:

"இங்கே ஓர் அரசர் இருந்தார். வேறோர் ஊரிலிருந்து மீர் ஜும்லா என்ற தலைவர் படையோடு வந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவரும் நம்மைப் போல் முஸ்லிம்தான். அவருக்குப் பீரங்கி செய்யச் செம்பு தேவைப்பட்டது. அதற்காகக் கோயில்களில் இருந்த சிலைகளை எடுத்துக்கொண்டார். அது அந்த மக்களுக்கு மிகவும் வருத்தமாக இருந்திருக்கும். பிறர் தொழும் இடத்திலிருந்து அப்படி எடுப்பது தவறு. ஆனால் பீரங்கி ஒன்றுகூடச் செய்ய முடியவில்லை. அதைச் செய்தவர் அவர். நீ அல்ல, நாமும் அல்ல. நம்மவர் யார் என்று கேட்டாயே, நியாயமாக நடந்தவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர்கள் நம்மவர்கள்."

பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தக் களஞ்சியத்து நெல்லை யார் சாப்பிட்டார்கள்?" என்று கேட்டாள். அரசர்களையும் தளபதிகளையும் விட்டு அவள் மனம் சோற்றுக்குச் சென்றுவிட்டது. கோட்டையில் இருந்த எல்லாரும் சாப்பிட்டிருப்பார்கள். விளைவித்தவர்கள் கீழே வயல்களில் இருந்த உழவர்கள் என்றோம். கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், நெல் விளைத்தவர் ஆகியோரின் பெயர்களை எந்தப் பயணியும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் கோயிலும் பள்ளிவாசலும் களஞ்சியமும் நிற்பது அவர்கள் உழைப்பில்தான். வரலாற்றை வென்றவர், தோற்றவர் என்ற இரு பிரிவாக மட்டும் காட்டினால், பிள்ளை ஏதேனும் ஒன்றில் போய் நிற்க வேண்டியிருக்கும். உழைத்தவர்களின் வரிசையைக் காட்டினால், நிற்பதற்கு மூன்றாவது இடமும் கிடைக்கும்.

இவ்வளவும் ஒரு சிறு பயணத்திற்கு மிகையான சிந்தனை என்று சிலருக்குத் தோன்றலாம். பிள்ளைகள் ஓடி ஆடி, குகையைக் கண்டு வியந்து, மலைப்பிளவைக் கண்டு கூவி, உண்டு உறங்கித் திரும்பினால் போதாதா? போதும். நம் பிள்ளைகளும் அவற்றையெல்லாம் குறைவின்றிச் செய்தார்கள். பாடம் நடத்துவதற்காக யாரும் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்களாகக் கேட்கும்போது விடை சொல்லும் கடமை நம்முடையது. கேள்வி கேட்கும் பிள்ளை தன் அறியாமையை நம்மிடம் நம்பி ஒப்படைக்கிறது. அதைவிடப் பெரிய அமானிதம் ஒரு வீட்டில் வேறு எது இருக்கிறது?

பிள்ளைகள் வளர்வார்கள். நிலவியல் படிப்பார்கள்; வரலாறு படிப்பார்கள்; ஒரு நாள் தவெர்னியேயின் நூலும் அவர்கள் கைக்கு வரலாம். அன்று அவர்கள் நம் விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து உரைத்துப் பார்ப்பார்கள். நாம் சொன்னது சிறிதாக இருந்தது என்று அவர்கள் காண்பதில் தவறில்லை. சிறியவர்களுக்குச் சொன்னது அப்படித்தான் இருக்கும். அது பொய்யாக இருந்தது என்று மட்டும் அவர்கள் காணலாகாது. இருபது வயதில் அவர்கள் வந்து கேட்கப்போகும் கேள்விகளுக்கு நம்மிடம் வருவார்களா, வேறெங்கேனும் செல்வார்களா என்பதை, ஏழு வயதில் நாம் சொல்லும் விடைகளே முடிவு செய்கின்றன.